ஒரே மாத்திரை, இரண்டு பேர்

எங்கள் வீட்டுச் சமையலறையில், அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில், நீல மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா இருந்தது. முறுக்கு வைப்பதற்காக வாங்கியது. பிள்ளைகள் வளர்ந்து முறுக்குச் செலவு குறைந்த பிறகு அது மருந்து டப்பாவாகிவிட்டது. என் மாத்திரைகளும் என் கணவருடைய மாத்திரைகளும் அதில்தான் கிடக்கும். இருவருக்கும் பொதுவாக ஒன்று உண்டு. ஓமிப்ரசோல், 20 மில்லிகிராம். காலையில் பல் துலக்கியதும் ஆளுக்கு ஒன்று. அரை மணி நேரம் கழித்துப் பசியாறுவோம். யார் அட்டையிலிருந்து யார் எடுக்கிறோம் என்று பார்ப்பதே இல்லை. ஒரே மாத்திரைதானே என்ற நினைப்பு.

அந்த நினைப்பு எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். எழுதட்டுமா என்று அவரிடம் கேட்டேன். “என் மானம்தானே போகப்போகிறது, எழுது” என்று சொல்லிவிட்டார். என் மானமும் கொஞ்சம் போகும் என்பது அவருக்கும் தெரியும்.

எனக்கு நெஞ்செரிச்சல் நாற்பது வயதில் வந்தது. அப்போது பாலர் பள்ளியில் வேலை. பிள்ளைகளைச் சாப்பிட வைத்துத் தூங்கப்போட்ட பிறகு, நின்றபடியே நான்கு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வேன். மாலையில் வீடு திரும்பிச் சமைத்து, எல்லாரும் சாப்பிட்டு, நான் தட்டில் கை வைக்கும்போது ஒன்பதரை ஆகிவிடும். பத்தரைக்குப் படுக்கை. நள்ளிரவில் தொண்டை வரைக்கும் புளிப்பு ஏறி, இருமிக்கொண்டே எழுந்து உட்காருவேன். நம் ஊரில் வயிற்றில் எது வந்தாலும் ‘கேஸ்ட்ரிக்’ என்று ஒரே பெயர் வைத்திருக்கிறோம். எனக்கு வந்தது வயிற்றுப்புண் இல்லை. உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் இருக்கிற தசை வளையம் சரியாக மூடாமல், அமிலம் மேலே ஏறுவது. அதைப் பிரித்துப் புரிந்துகொள்ள எனக்கே பல ஆண்டுகள் ஆயின.

முதலில் எனக்குக் கிடைத்த மருந்து ரனிடிடின். 1981லிருந்து உலகம் முழுக்க விற்ற மருந்து. இரவில் ஒன்று போட்டால் தூக்கம் வந்துவிடும். எத்தனை ஆண்டு போட்டேன் என்று கணக்கு வைக்கவில்லை. 2019 செப்டம்பரில் நம் சுகாதார அறிவியல் ஆணையம் எட்டு ரனிடிடின் மருந்துகளை விற்பனையிலிருந்து மீட்டுக்கொண்டது. அவற்றில் என்டிஎம்ஏ என்ற வேதிப்பொருள் இருக்கவேண்டிய அளவுக்கு மேல் இருந்தது. புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று கருதப்படும் பொருள் அது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவிலும் ரனிடிடின் அத்தனையையும் கடைகளிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டார்கள். நாள்பட வைத்திருந்தாலும், சூட்டில் வைத்திருந்தாலும் மருந்துக்குள்ளேயே அந்தப் பொருள் கூடுகிறது என்று அவர்கள் கண்டுபிடித்ததைப் படித்தபோது, எனக்கு அடுப்புப் பக்கத்து அலமாரிதான் கண்முன் வந்தது. படித்துவிட்டு டப்பாவை இடம் மாற்றினேனா என்றால், இல்லை.

அப்போது மாற்றிக் கொடுத்ததுதான் ஓமிப்ரசோல். அதே சமயம் குழாய் விட்டும் பார்த்தார்கள். உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில் லேசான அழற்சி, வேறு கவலைப்பட ஒன்றுமில்லை என்றார்கள். மாத்திரை எட்டு வாரத்துக்கு. எட்டு வாரம் முடிந்து போனபோது, “நன்றாக இருக்கிறதா?” என்று கேட்டார்கள். இருக்கிறது என்றேன். இன்னும் மூன்று மாதத்துக்குக் கொடுத்தார்கள். பிறகு இன்னும் மூன்று மாதம். ஒவ்வொரு முறையும் வேறு வேறு டாக்டர். எப்போது நிறுத்தலாம் என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நிம்மதியாகத் தூங்குகிற மனுஷிக்கு மாத்திரையைப் பற்றி என்ன கேள்வி வரும்?

இப்படியே 2023 ஜூன் வரை ஓடியது. அந்த மாதம் ஒருநாள் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. நெஞ்செரிச்சல் மாத்திரை சிறுநீரகத்தைக் கொல்லும் என்று சிவப்பு எழுத்தில் தலைப்பு. வேறு யாராவது என்றால் படித்துவிட்டு அழித்திருப்பார்கள். என் அம்மா கடைசி ஆறு ஆண்டுகள் டயாலிசிஸில் இருந்தவர். வாரத்தில் மூன்று நாள், ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம். நானும் என் தங்கையும் முறை வைத்து அழைத்துப் போவோம். வீடு திரும்பும்போது டாக்சியில் என் தோளில் சாய்ந்து, பேசக்கூடத் தெம்பில்லாமல் கண்மூடி இருப்பார். சிறுநீரகம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அந்தத் தோள் கனக்கும்.

செய்தி முழுப் பொய்யும் இல்லை. 2016ல் அமெரிக்காவில் 10,482 பேரை ஆண்டுக்கணக்கில் கவனித்த ஓர் ஆய்வு வந்தது. இந்த வகை மாத்திரை போடுகிறவர்களுக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் கூடுதலாக வருகிறது என்று அது சொன்னது. வாட்ஸ்அப் செய்தி சொல்லாமல் விட்டது என்னவென்றால், அது வெறும் கவனிப்பு ஆய்வு. மாத்திரை போடுகிறவர்கள் பொதுவாகவே பருமன் கூடியவர்களாக, வேறு நோய்களும் வேறு மருந்துகளும் உள்ளவர்களாக இருப்பார்கள். சிறுநீரகத்தைக் கெடுத்தது மாத்திரையா மற்றவையா என்று அப்படிப்பட்ட ஆய்வை வைத்துத் தீர்த்துச் சொல்ல முடியாது. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்தது சிவப்பு எழுத்து மட்டும்தான்.

மறுநாள் காலை மாத்திரையை எடுக்கவில்லை. அதோடு விட்டிருக்கலாம். 41 பேர் இருக்கும் எங்கள் குடும்பக் குழுவுக்கு அந்தச் செய்தியை அனுப்பி, கீழே ‘இதைக் கட்டாயம் படிக்கவும். நான் இன்றோடு நிறுத்திவிட்டேன்’ என்று எழுதியும் வைத்தேன்.

முதல் நான்கு நாள் ஒன்றும் தெரியவில்லை. பார்த்தாயா, தேவையே இல்லாத மாத்திரையை நான்கு ஆண்டாக விழுங்கியிருக்கிறேன் என்று தங்கையிடம் பெருமையடித்தேன். ஐந்தாம் நாள் இரவு நெஞ்சுக்குள் அடுப்பு மூட்டினாற்போல ஆனது. நாற்பது வயதில் வந்த எரிச்சல்கூட அப்படி இல்லை. வெறும் கஞ்சி குடித்தாலும் எரிந்தது. தண்ணீர் குடித்தாலும் எரிந்தது. உட்கார்ந்தபடியே தூங்கினேன். நோய் உள்ளுக்குள் முற்றிவிட்டது, மாத்திரை இத்தனை நாள் மறைத்து வைத்திருந்தது என்று நானாக ஒரு முடிவுக்கு வந்தேன். மூன்றாம் வாரம் தாங்க முடியாமல் பலதுறை மருந்தகத்துக்குப் போனேன்.

அங்கே இருந்த டாக்டர் சின்னப் பெண். என் மகளைவிட இளையவராக இருப்பார். அவசரப்படாமல் கேட்டார். நான் கைப்பேசியில் செய்தியைக் காட்டினேன். சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துவிட்டது. அம்மாவைப் பற்றிச் சொன்னதும், “அப்படியானால் பயப்படாமல் எப்படி இருப்பீர்கள், ஆன்ட்டி” என்றார். பிறகு எனக்கு நடந்ததை விளக்கினார்.

இரைப்பைச் சுவரில் அமிலத்தை இறைக்கும் நுண்ணிய பம்புகள் இருக்கின்றன. ஓமிப்ரசோல் அவற்றைப் பூட்டிவிடும். அமிலம் குறைந்துவிட்டதே என்று உடம்பு சும்மா இருப்பதில்லை. இன்னும் சுர, இன்னும் சுர என்று ஹார்மோன் வழியாக உத்தரவு போட்டுக்கொண்டே இருக்கும். மாத்திரை உள்ளே போகும்வரை அந்த உத்தரவு பலிக்காது. திடீரென்று நிறுத்தினால், சேர்ந்து கிடந்த உத்தரவெல்லாம் ஒன்றாக நிறைவேறும். முன்பு இருந்ததைவிட அதிகமாகவே அமிலம் சுரக்கும். எனக்கு உடனே எங்கள் புளோக்கில் தண்ணீர்த் தொட்டி கழுவுகிற நாள் ஞாபகம் வந்தது. மூடிய குழாயைத் திறந்துவிட்ட முதல் நிமிடம் தண்ணீர் சீறிக்கொண்டுதானே வரும்!

அவர் சொன்ன இன்னொன்று என்னை வியக்க வைத்தது. 2009ல் டென்மார்க்கில், நெஞ்செரிச்சலே இல்லாத 120 பேரை வைத்து ஒரு சோதனை செய்திருக்கிறார்கள். பாதிப் பேருக்கு எட்டு வாரம் இந்த வகை மாத்திரை கொடுத்து நிறுத்தினார்கள். மற்றவர்களுக்கு வெறும் மாவு மாத்திரை. நிறுத்திய பிறகு வந்த நான்கு வாரங்களில், மருந்து போட்டவர்களில் 44 விழுக்காட்டினருக்கு எரிச்சல், புளித்த ஏப்பம் என்று ஏதாவது ஒன்று வந்தது. மற்றவர்களில் 15 விழுக்காட்டினருக்குத்தான். நோயே இல்லாதவர்களுக்கு, மாத்திரையை நிறுத்தியதாலேயே எரிச்சல்! என்னுடைய நோய் முற்றவில்லை, இது சில வாரங்களில் அடங்கும் என்றார்.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சிறுநீரகம் நன்றாக இருந்தது. அந்த ஒரு வரியைக் கேட்டதும் நாற்காலியிலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் நான் கேள்விப்பட்டே இராத ஒன்று குறைந்திருந்தது. வைட்டமின் பி12. அமிலம் குறைந்த வயிற்றில், சாப்பாட்டிலிருந்து பி12 சரியாகப் பிரிந்து வராது. நீண்ட நாள் இந்த மாத்திரை போடுகிறவர்களுக்கு அது குறையலாம். மெக்னீசியமும் குறையலாம். எனக்குப் பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்ததை வயதுக்கோளாறு என்று ஒதுக்கியிருந்தேன். அம்மாவின் நோயையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, என் காலைப் பார்க்கத் தோன்றவில்லை.

“உங்களுக்கு மாத்திரையைக் குறைக்கலாம், ஆனால் இறங்குகிற விதம் வேறு” என்று டாக்டர் ஒரு வழி போட்டுக் கொடுத்தார். ஓமிப்ரசோலை மறுபடி தொடங்கி, ஒருநாள் விட்டு ஒருநாள் நான்கு வாரம். இடையில் எரிந்தால் சாப்பாட்டுக்குப் பிறகு ஆல்ஜினேட் திரவம். அது அமிலத்தின் மேல் நுரை மாதிரி மிதந்து மேலே ஏறாமல் தடுக்கும். பிறகு ஓமிப்ரசோலை விட்டுவிட்டு, தேவைப்படும் இரவில் மட்டும் ஃபமோடிடின். ரனிடிடினின் உறவுக்கார மருந்துதான் என்றதும் நான் முகம் சுளித்தேன். அந்த என்டிஎம்ஏ சிக்கல் இதில் இல்லை என்றார் மருந்தாளர். தினமும் போட்டால் ஓரிரு வாரத்தில் அதன் வேகம் குறைந்துவிடும், அதனால் வேண்டும்போது மட்டும் போடுங்கள் என்றும் சொன்னார்.

இராச் சாப்பாடு ஏழு மணிக்கு. இடப்பக்கம் சாய்ந்து படுக்க வேண்டும். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே ஆறு அங்குலக் கட்டை. இந்தக் கட்டைதான் வீட்டில் சண்டையைக் கிளப்பியது. “ராத்திரி பூரா நான் கால்மாட்டுக்குச் சறுக்கிக்கொண்டே போகிறேன், விடிந்தால் வரவேற்பறையில் இருப்பேன்” என்று அவர் முணுமுணுத்தார். நான் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது சங்கடமாக இருக்கிறது. அவர் முகம் அப்போதே வெளுத்துப்போயிருந்தது. நான் பார்க்கவில்லை.

ஜூலை நடுவில் ஒருநாள் காலை, மின்தூக்கி பழுதென்று அவர் நான்கு மாடி ஏறி வந்தார். கதவைத் திறந்ததும் அப்படியே செருப்பு வைக்கும் பலகைமேல் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. நெற்றியெல்லாம் சில்லென்று வியர்வை. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் என்பதால் நான் நெஞ்சு வலிக்கிறதா, நெஞ்சு வலிக்கிறதா என்றே கேட்டேன். இல்லை என்று தலையாட்டிவிட்டு மெதுவாகச் சொன்னார். “ரெண்டு நாளா வெளிக்குப் போறது தார் மாதிரி கறுப்பா இருக்கு. முருங்கைக்கீரை சாப்பிட்டேனே, அதுன்னு நெனச்சேன்.”

995ஐ அழைத்தேன்.

மருத்துவமனையில் ஹீமோகுளோபின் 7.4 என்றார்கள். அவருக்கு 13க்கு மேல் இருக்க வேண்டியது. முன்சிறுகுடலில் புண், அதிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. குழாய் விட்டு அந்த இடத்தைக் கிளிப் போட்டு அடைத்தார்கள். இரண்டு பை ரத்தம் ஏற்றினார்கள். எல்லாம் ஓரளவு அடங்கிய பிறகு, அவருடைய மருந்துப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒரு டாக்டர் வந்தார்.

“ஓமிப்ரசோலை எப்போது நிறுத்தினீர்கள்?”

அவர் என்னைப் பார்த்தார். “இவள் நிறுத்தினப்போ.”

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. குடும்பக் குழுவில் நான் போட்ட செய்தியை அவரும் படித்திருக்கிறார். “நீ படிச்சவ, நீ நிறுத்தினா காரணம் இருக்கும்னு நானும் விட்டுட்டேன்” என்று பிறகு சொன்னார். டப்பாவில் மாத்திரை அட்டைகள் குறையாமல் கிடந்ததை நான் கவனித்திருக்க வேண்டும். அவருக்கு எனக்கு வந்த எரிச்சல்கூட வரவில்லை. அதனால் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அவருக்கு நெஞ்செரிச்சல் என்றைக்குமே கிடையாது! 2018ல் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து தினமும் ஆஸ்பிரின் 100 மில்லிகிராம். துறைமுகத்தில் இரவு வேலை பார்த்த காலத்தில் ஒருமுறை குடல்புண் வந்து ஆறியவர். வயது 68. ஆஸ்பிரின் ரத்தம் உறைவதைக் குறைப்பதோடு நிற்பதில்லை. இரைப்பைச் சுவரைக் காக்கும் வழவழப்பான பூச்சு சுரப்பதையும் குறைத்துவிடும். பழைய புண் உள்ளவர்களுக்கு அது ஆபத்து. அந்த ஆபத்துக்குக் காவலாகத்தான் அவருக்கு ஓமிப்ரசோல். போதாதென்று, முழங்கால் வலிக்கு மகள் எப்போதோ வாங்கி வைத்த ஐபுபுரோஃபென் அட்டையையும் அந்த இரண்டு வாரத்தில் காலி செய்திருக்கிறார். ஆஸ்பிரினோடு அதுவும் சேர்ந்தால் புண்ணுக்கு இரட்டை அடி.

ஸ்டென்ட் வைக்கும்போது இதைச் சொல்லியிருப்பார்கள். பத்து விஷயம் சொல்லும்போது இதுவும் ஒன்றாகப் போயிருக்கும். மருந்துப் பையில் ஒட்டியிருக்கும் தாளில் ‘தினம் ஒன்று, சாப்பாட்டுக்கு முன்’ என்று இருக்கிறது. எதற்காக என்று இல்லை. என் பையிலும் அதே வாசகம்தான்.

அவர் தூங்கும்போது மகள் கைப்பேசியில் தேடித் தேடி எனக்குப் படித்துக் காட்டினாள். 2019ல் வெளியான பெரிய சோதனை ஒன்று. இதய, ரத்தநாள நோய் உள்ள 17,598 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு ஓமிப்ரசோலின் தங்கை மருந்தான பான்டோபிரசோல், மற்றவர்களுக்கு வெறும் மாத்திரை. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள். சிறுநீரக நோய், எலும்பு முறிவு, மறதி நோய் எதிலும் பெரிய வேறுபாடு இல்லை. குடல் தொற்று மட்டும் சற்றுக் கூடுதல். மூன்று ஆண்டு போதுமா, பத்து ஆண்டு போட்டால் என்ன என்று நான் விடாமல் கேட்டேன். கேள்வி நியாயமானதுதான். ஆனால் கட்டிலில் ஊசி குத்திய கையோடு படுத்திருப்பவரைப் பார்த்துக்கொண்டு அதைக் கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது.

சில நாளில் ஆஸ்பிரினை மறுபடி தொடங்கினார்கள். ஸ்டென்ட் இருக்கிறவர் அதை விட முடியாது. ஆகவே ஓமிப்ரசோலையும் விட முடியாது.

ஐந்தாம் நாள் வீடு வந்தோம். அன்று இரவு குடும்பக் குழுவில் நடந்ததை எழுதினேன். நீளமாக எழுதினேன். ஏழெட்டுப் பேர் கட்டைவிரல் படம் போட்டார்கள். சிவப்பு எழுத்துச் செய்திக்கு முப்பது பேர் பதில் போட்டிருந்தார்கள் என்பது ஞாபகம் வந்தது. அதனால் மறுநாளிலிருந்து ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்தேன். பாதிப் பேர் அந்தச் செய்தியைத் திறந்தே பார்க்கவில்லை. இவ்வளவு சந்தோஷமாக நான் எப்போதும் அலட்சியப்படுத்தப்பட்டதில்லை. பெரியப்பா மகன் ஒருவன் நிறுத்தியிருந்தான். அவனுக்கு எரிச்சலும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. முன்பு ஒரு கல்யாணச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்த மாத்திரையை இரண்டு ஆண்டு விடாமல் போட்டிருக்கிறான். அவன் டாக்டரும் சரியென்று சொல்லிவிட்டாராம். ஜோகூர் பாருவில் இருக்கும் நாத்தனாரும் நிறுத்தியிருந்தார். அவருடைய உணவுக்குழாயின் உட்சவ்வு அமிலம் பட்டுப் பட்டு மாறிப்போயிருக்கிறது. அது புற்றுநோய்ப் பக்கம் போகாமல் இருக்கவும் அவருக்கு தினமும் இந்த மாத்திரை. என் வார்த்தையை நம்பி ஆறு வாரமாக விட்டிருக்கிறார். “அண்ணி சொன்னா சரியா இருக்கும்னு நெனச்சேன்” என்றார். அன்று மாலையே அவரைத் தன் டாக்டரிடம் போகச் சொல்லிவிட்டு, போனாரா என்று மூன்று தடவை கேட்டேன்.

எனக்கு ஓமிப்ரசோல் நின்று ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது. வாரத்துக்கு ஓரிரவு, இரண்டிரவு ஃபமோடிடின் போடுகிறேன். தீபாவளி வாரத்தில் அந்தக் கணக்கெல்லாம் செல்லாது. பி12 மாத்திரை ஏறி, பாதத்து எறும்புகள் போய்விட்டன. காலையில் வெறும் வயிற்றில் குடித்த கோப்பியை விட்டது மாத்திரையை விட்டதைவிடக் கடினமாக இருந்தது.

நீல மூடி டப்பாவில் மறுபடி முறுக்கு இருக்கிறது. மருந்துகளைப் படுக்கையறை அலமாரிக்கு மாற்றி, ஆளுக்கொரு டப்பா வாங்கினேன். அவருடையதன் மூடியில் வெள்ளைத் தாள் ஒட்டி, கெட்டி மையில் எழுதினேன்: ‘ஓமிப்ரசோல். ஆஸ்பிரினுக்குக் காவல். நிறுத்தக்கூடாது.’

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். பேனாவை என் கையிலிருந்து வாங்கி, கீழே இரண்டு சொல் சேர்த்தார்: ‘அவள் நிறுத்தினாலும்.’